வண்ணம் தீட்டாத கை

ஒரு படத்தைப் பார்த்து அதில் என்ன நடக்கிறது என்று சொல்வது எனக்கு நன்றாக வரும். வாழ்க்கையில் எனக்கு நன்றாக வந்த வேலை அது ஒன்றுதான். அந்த வேலையால்தான் ஒரு மனிதர் சிறைக்குப் போனார். இதை எழுத ஏன் இத்தனை வருடம் ஆயிற்று என்று நான் காரணம் தேடப்போவதில்லை. தேடினால் ஏதாவது கிடைத்துவிடும். கிடைத்தால் மனம் சமாதானமாகிவிடும்.

தியாகதுருகத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகிற சாலையில், சாலையை ஒட்டியே இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர். சென்னையில் முறையாக ஓவியம் படித்தவன். பள்ளியில் என் வகுப்புக்கு மதிப்பு கிடையாது. கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லையென்றால் என் பாடவேளையை எடுத்துக்கொள்வார். ஆண்டு விழாவுக்குத் துணியில் எழுத்து எழுதவும், சுதந்திர தினத்துக்குக் கரும்பலகையில் கொடி வரையவும் என்னைக் கூப்பிடுவார்கள். மற்றபடி, பதினோரு வருடத்தில் என் வகுப்புச் சுவரை ஒருவரும் நின்று பார்த்ததில்லை.

மற்ற பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மாம்பழமும், இரண்டு மலைக்கு நடுவே சூரியனும் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அவற்றோடு படம் படிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். பழைய காலண்டர் படங்கள், திருக்கோவிலூர் கோயில் சிற்பங்களை நான் பென்சிலில் பார்த்து வரைந்தவை, எதுவானாலும் சரி, படத்தை வைத்து மூன்று கேள்வி கேட்பேன். இப்போது என்ன நடக்கிறது? இதற்கு முன்னே என்ன நடந்திருக்கும்? இதற்குப் பின்னே என்ன நடக்கும்?

பள்ளிக்குப் பின்னால் கரும்புக் கொல்லை வரப்பில் ஒரு நடுகல் உண்டு. ஊரில் வீரன் கல் என்பார்கள். இடுப்பளவு உயரம். இடது கையில் வில், வலது கையில் குறுவாள், மார்பில் இரண்டு அம்பு, காலுக்குப் பின்னால் ஒரு மாடு. அந்த வருடம் எட்டாம் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றி உட்கார வைத்தேன்.

"மாட்டத் திருட வந்தவன தடுத்துக்கினு நின்னாரு சார். அம்பு வுட்டுட்டானுங்க" என்றான் ஒருவன்.

"இல்ல சார், இவருதான் திருடிக்கினு போனவரு. அதான் மாடு இவரு பின்னாலயே நிக்குது" என்றான் இன்னொருவன்.

"திருடனுக்கு எவன்டா கல்லு வெப்பான்?"

"அவன் பொண்டாட்டி வெச்சிருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து கல்லின் அருகே போனாள். காலனியிலிருந்து வருகிற பிள்ளை. அதிகம் பேசமாட்டாள். குங்குமம் அப்பியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு அம்பும் முன்னாலதான் சார் பாஞ்சிருக்குது. ஓட்டிக்கினு ஓடுறவனா இருந்தா முதுகுல இல்ல பாஞ்சிருக்கும்?" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஆசிரியர் இல்லையா, கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டுமே. "நீ சொல்றது பொருந்துது. ஆனா அதுவும் நம்ம கதைதான். கல்லு சாட்சி சொல்லாது. நாமதான் அதுக்குப் பதிலா பேசறோம்" என்றேன். இதை அன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்தான். அதனால்தான் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

அன்றைக்கே இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். வேல் இருந்தால் முருகன், புல்லாங்குழல் இருந்தால் கண்ணன் என்று கோயிலில் கண்டுகொள்கிறோம் அல்லவா, அதுபோல நீங்கள் படத்தில் ஒரு ஆளைப் போட்டால், அவர் இன்னார் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்படி ஓர் அடையாளம் வைக்க வேண்டும்.

அந்த வருடந்தான் இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்தது. கேட்டவர்களில் என் சனங்களும் உண்டு. கோரிக்கை நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பின்னாளில் என் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது அதனால்தான். அந்த வாரம் முழுக்கச் சாலையில் ஒரு வண்டி ஓடவில்லை. வழியெங்கும் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எங்கள் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே இருந்த பெரிய மரமும் விழுந்தது.

அதை அறுத்தவர்களை எனக்குத் தெரியும். நான் குடியிருந்த வீட்டுக்காரரின் மகன்கள் இரண்டு பேரும், அவர்களுடைய கூட்டாளிகளும். காலை பத்து மணி இருக்கும். ஜன்னலோரம் கண்ணாடி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் பிடித்து இழுக்கிற நீள ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூத்தவன் என்னைப் பார்த்து, "இன்னா சார், ஸ்கூல்தான் லீவாச்சே, ஒரு கை புடிக்க வர்றீங்களா?" என்றான்.

"நான் கோடு போட்டுத் தரேன், நீங்க அறுங்கப்பா" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. மறைக்கவே இல்லை. போலீசுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பள்ளி திறந்தபோது எங்கள் வகுப்பறைகளில் இரண்டில் போலீஸ்காரர்கள் தங்கியிருந்தார்கள். மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். வகுப்பிலிருந்து பார்த்தால் வேர்ப்பக்கம் வெள்ளையாக, ஈரமாகத் தெரியும். பிள்ளைகளின் கண் அதிலேயே இருந்தது. பாடம் தானாக வந்து வாசலில் கிடக்கிறது என்று நினைத்தேன். ஒரு தாளை மூன்று கட்டமாக மடிக்கச் சொன்னேன். "நடுக் கட்டத்துல அந்த மரம் கிடக்கிறதை அப்படியே போடுங்க. முதல் கட்டத்துல இதுக்கு முன்னே நடந்தது. மூணாவதுல இதுக்குப் பின்னே நடக்கப்போறது."

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி கிரேயான். பன்னிரண்டு கலர்.

பிள்ளைகள் புத்திசாலிகள். ஒருவன் புயல் வரைந்தான். ஒருவன் லாரி வந்து மோதுவதாக வரைந்தான். எங்கள் ஊரில் யானையே கிடையாது. ஒருவன் யானை முட்டித் தள்ளுவதாக வரைந்தான். வீட்டுக்காரரின் தங்கை மகள் முதல் கட்டத்தில் மரத்தை மட்டும், ஓர் ஆள்கூட இல்லாமல், இலை இலையாக வரைந்து வைத்திருந்தாள். வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கக்கூட வேண்டாம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சொல்லாமலே தெரியும்.

அந்தக் காலனிப் பெண் மட்டும் கோடாலி ஓங்கிய ஓர் ஆளை வரைந்திருந்தாள். தலையில் துண்டு. அரைக்கால் டிரவுசர். உடம்பு முழுக்க அழுத்தமான பழுப்பு. வலது கை மட்டும் மணிக்கட்டு வரை வண்ணம் இல்லாமல் தாளின் வெள்ளையாகவே இருந்தது.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அவளுடைய அப்பா விறகு பிளக்கிறவர். சூளைக்கும் வீடுகளுக்கும் அவர்தான் பிளந்து தருவார். வலது கையில் வெள்ளை விழுந்திருந்தது. ஊரில் வெள்ளக்கையன் என்றே கூப்பிடுவார்கள். நான் சொல்லிக்கொடுத்த அடையாளத்தை இவ்வளவு நயமாக யாரும் வைத்ததில்லை. இல்லாததால் காட்டுகிற அடையாளம்! சென்னையில் என்னோடு படித்தவர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

மூன்றாவது கட்டத்தையும் பார்த்தேன். ஒரு வீடு, அடுப்பு, புகை, மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் வழக்கமாக வரைகிற படம் என்று விட்டுவிட்டேன். கட்டங்களை மடிப்பில் கிழித்து, முதல் கட்டப் படங்களை மட்டும் சணல் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டேன். மற்றவற்றை மேசை இழுப்பறையில் போட்டேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் சப்-இன்ஸ்பெக்டர் என் வகுப்புக்குள் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கயிற்றோரமாக நடந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். யானையைப் பார்த்துச் சிரித்தார். "கண்காட்சி மாதிரி வெச்சிருக்கீங்களே வாத்தியாரே" என்றார்.

பதினோரு வருடத்தில் முதல் ஆள். நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.

அந்தப் பெண்ணின் படத்துக்கு முன்னால் நின்று, "நல்லா வரைஞ்சிருக்கு. பாவம், கலர் அடிச்சு முடிக்கல" என்றார். அடுத்த படத்துக்கு ஓர் அடி வைத்துவிட்டார்.

"முடிக்காம இல்ல சார். வேணும்னுதான் விட்டிருக்கா" என்றேன்.

அவர் நின்றார்.

"நல்லாப் பாருங்க. கோட்டுக்கு வெளியே ஒரு இடத்துலயும் கலர் போகல. மணிக்கட்டுல சுத்தமா நிறுத்தியிருக்கா. அதான் அந்த ஆளோட அடையாளம். அவங்க அப்பாவுக்குக் கை அப்படி, வெள்ளை விழுந்தது."

நான் இன்னும் கொஞ்சம் பேசினேன். கோடாலியின் சாய்வு, துண்டின் முடிச்சு என்று விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு படத்தைக் கயிற்றிலிருந்து எடுத்துப் பின்புறம் திருப்பிப் பெயரைப் படித்தார். சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா விளக்கினீங்க சார்" என்றார். வாத்தியாரே என்பது சாராக மாறியதை நான் கவனித்தேன். மகிழ்ந்தேன். அவர் போன பிறகு ஒரு நிமிடமாவது அந்த மகிழ்ச்சி இருந்தது. பிறகுதான் அவர் எதற்காகப் பெயரைப் படித்தார் என்று உறைத்தது.

ஓடிப்போய், "சார், அது பிள்ளை கற்பனையா வரைஞ்சது" என்று சொல்ல அவர் இருந்த அறை இருபது அடி தூரந்தான். மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். நான் பாடம் எடுத்தேன்.

அடுத்த நாள் முற்பகல், மூன்றாவது பாடவேளையா நான்காவதா என்று மறந்துவிட்டது, கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்கள் மாறி ஏறும் பஸ் பள்ளி வாசலில் வந்து நின்றது. அந்த மனிதர் இறங்கினார். தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. மூட்டையைப் பிடித்திருந்த வலது கை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் எழுந்து, "அதோ கையைப் பாரு" என்றார். நான்கு பேர் போனார்கள். மூட்டை விழுந்து கிழங்கு சாலையில் உருண்டது. அவர் எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை. "இன்னா சாமி, இன்னா சாமி" என்று மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தார்.

பிள்ளை வகுப்பிலிருந்து ஓடினாள். வேன் போன பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"சார், எங்கப்பா இப்பதான் சார் மலையிலேர்ந்து வர்றாரு. மறியலுக்கு முன்னாலயே கெழங்கு புடுங்கப் போனவரு. பஸ்ஸு இல்லாம அங்கயே மாட்டிக்கினாரு. மலைப் பக்கம் கடைசியாதான் பஸ்ஸு வுட்டாங்க."

"அப்புறம் ஏன்மா அவரை வரைஞ்சே?"

கேட்டபோதே பதில் எனக்குத் தெரியும்.

"நீங்கதான சார் முன்னே நடந்தத வரையச் சொன்னீங்க? மரம் வெட்றவருன்னா எனக்கு எங்கப்பாவதான் சார் தெரியும். அவரு வூட்டுக்கு வராம பதினஞ்சி நாளாச்சி. அதான் அவரயே போட்டேன்."

"நான் சொல்றேன். நீ அழாதே" என்றேன்.

தலைமையாசிரியரிடம் போனேன். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் பேசினார். "சார், அவங்களுக்கு ஒரு ஆள் வேணும். மேலேருந்து கேட்டுக்கினே இருக்காங்க. நீங்க போயி இவன் இல்லன்னு சொன்னீங்கன்னா, அப்ப எவன்னு கேப்பாங்க. சொல்வீங்களா?"

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். அன்றும் அப்படியே பேசினார். "வாத்தியாரே, பசங்களுக்குப் படம் சொல்லிக் குடுக்கிறீங்க, நல்ல விஷயம். ஒண்ணு ஞாபகத்துல வெச்சுக்குங்க. எங்க பசங்க ரெண்டு பேரும் அந்த வாரம் களமருதூர்ல மாமன் வூட்லதான் இருந்தானுங்க. ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும் இல்ல?"

"ஆமாங்க" என்றேன்.

அடி, மிரட்டல், ஒன்றும் இல்லை. கேட்டார், சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஊரில் இருந்த காவல் நிலையத்துக்குப் போனேன். பஸ்ஸில் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். 'அது நான் கொடுத்த பயிற்சி சார், கற்பனையாக வரைந்தது.' யார் அறுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. இந்த ஒரு வாக்கியம் போதும். எதிரே டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். பேப்பர் படித்தேன். நிலையத்தின் சுற்றுச்சுவரோரம் புங்க மர நிழலில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எனக்கு என்ன பயம் என்று அப்போதே எண்ணிப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். மலைப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அந்த நாளில் ஆசிரியர்களைத் தண்டிக்க அங்கேதான் அனுப்புவார்கள். என் சனங்களே என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். இவையெல்லாம் உண்மையான பயங்கள்தான். ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அந்த அதிகாரி முன்னால் அவ்வளவு அழகாக ஒரு படத்தை விளக்கினேனே, அந்த விளக்கம் தப்பு என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் என்னால் முடியவில்லை. ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்திருந்தார், நான் வெளியே என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அவரைக் கடலூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வழக்கில் அந்தப் படத்தை யாரும் காட்டவில்லை. பிள்ளை வரைந்த படத்தை எந்த நீதிமன்றம் பார்க்கும்? பிடிக்க ஓர் ஆளைக் காட்டியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று அவர் ஜாமீனில் வெளியே வர.

அந்தப் பெண் அதன் பிறகு நான்கு நாள்தான் பள்ளிக்கு வந்தாள். என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருப்பாள். ஸ்டேஷனில் போய்ச் சொன்னேனா என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நான்காவது நாள் வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்தாள்.

"சார், என் படத்தக் குடுங்க."

"அதை போலீஸ் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கம்மா."

"அது இல்ல சார். மூணாவது படம்."

இழுப்பறையில் அறுபது பிள்ளைகளின் தாள்கள் கிடந்தன. "நாளைக்குத் தேடி வைக்கிறேன்" என்றேன். மறுநாள் அவள் வரவில்லை. அப்பா வெளியே வந்த வாரமே குடும்பத்தோடு திருக்கோவிலூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அப்போதுதான் இழுப்பறையைக் கொட்டித் தேடி அந்தத் தாளை எடுத்தேன். முதல் தடவையாக அதைப் படித்தேன். கோடாலி கதவோரம் சாத்தியிருக்கிறது. கிழங்கு மூட்டை அவிழ்ந்து கிடக்கிறது. மூன்று பேரில் நடுவே இருக்கிறவருக்கு வலது கை வெள்ளை. அந்தக் கை பிள்ளையின் தட்டில் எதையோ வைக்கிறது. மரம் விழுந்த கதையே இல்லை அது. அப்பா மலையிலிருந்து எப்போது வருவார் என்ற கதை. மரத்தை நான் கொடுத்தேன், அதனால் அவள் மரத்தின் வழியாக அதைச் சொன்னாள். முன்னே, பின்னே என்று மூன்று கேள்வி வைத்திருந்தவன் பின்னே என்பதைப் பார்க்காமலே கிழித்து இழுப்பறையில் போட்டிருந்தேன்.

ஐந்து வருடம் கழித்து நான் பயந்த மாற்றல் தானாகவே வந்தது. யாரும் தண்டிக்கவில்லை, என் முறை, அவ்வளவுதான். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு பள்ளி. அங்கே நான் படம் படிக்கச் சொல்லித்தரவில்லை. இரண்டு மலைக்கு நடுவே சூரியனை வரையச் சொன்னேன். "ரெண்டு மலைதானா சார்? இங்க நெறைய இருக்குதே?" என்றான் ஒரு பையன். எத்தனை வேண்டுமானாலும் வரைந்துகொள் என்றேன்.

ஒரு நாள் பள்ளிக்கு விறகு கொண்டுவந்த ஒரு விவசாயியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். மறியல் வருடத்தில் கீழேயிருந்து கிழங்கு பிடுங்க ஆட்கள் வந்தார்களா? அவர்களில் கை வெள்ளையாக ஒருவர் உண்டா?

"ஏங் காட்டுலதானுங்க பிடுங்குனாரு" என்றார் அவர் உடனே. "நல்ல மனுசன். பஸ்ஸு நின்னு போச்சுன்னு பத்து நாளுக்கு மேல எங்க வூட்டுலதான் படுத்திருந்தாரு. சும்மா இருக்க மாட்டாரு, எங்களுக்கு வெறகா பொளந்து போட்டுட்டாரு. மக ஞாபகமாவே இருந்தாரு. ஏங்க, அவருக்கு இன்னா?"

போலீஸ் பிடித்ததைச் சொன்னேன்.

"அட பாவமே. ஒருத்தரு வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே. யாரும் வந்து கேக்கலியே."

கீழே இருந்து அங்கே போக அன்று ஒரு பஸ் டிக்கெட் போதும்.

அதன் பிறகும் நான் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போகவில்லை. ஓய்வு பெற்றேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். பழைய தாள்களைக் கழிக்கும்போதெல்லாம் அந்த மூன்றாவது படத்தை மட்டும் திரும்ப உள்ளே வைத்தேன். போன வருடம் தியாகதுருகத்தில் ஒரு பழைய மாணவன், பேச்சோடு பேச்சாக, அந்தப் பெண் கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறாள் என்று சொன்னான். இரண்டு நாள் கழித்துப் போனேன்.

பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் சின்னக் கடை. ஐம்பது வயதுப் பெண், கழுத்தில் அளவு நாடா. மேசை மேல் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"டிராயிங் சார்" என்றாள். முக்காலியை இழுத்துப் போட்டாள்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இறந்து பன்னிரண்டு வருடம் என்றாள். அம்மா அதற்கும் முன்னாலே. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன், உள்ளே போய்ச் சொல்லத்தான் வந்தேன், ஆனால்...

"தெரியும் சார்" என்றாள். "எங்கம்மா அந்தப் புங்க மரத்துக்கடியிலதான் குந்தியிருந்துச்சி. வாத்தியாரு வந்துட்டாரு, சொல்லிட்டாருன்னா வுட்டுடுவாங்கன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லிக்கினு இருந்துச்சாம். நீங்க டீ குடிச்சிட்டு பஸ்ஸு ஏறிட்டீங்க."

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அம்மாவுக்கு மூக்குத்தி போட்டிருக்கேன் பாருங்க சார். எங்கம்மாகிட்ட மூக்குத்தியே கெடையாது. எனக்கு ஆசை, போட்டுட்டேன்."

இத்தனை வருடம் அந்தப் படத்தை வைத்திருந்தேன். அந்த மூக்குத்தியை நான் கவனித்ததில்லை.

படத்தை மேசையில், வெட்டிய துணிக்குப் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். மடிப்பு போகவில்லை. முதல் படத்தைக் கிழித்தெடுத்த இடது ஓரம் பிசிறாக இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? கோவம்லாம் இல்ல. சின்ன வயசுலேர்ந்து கேக்கணும்னு இருந்தது. அந்தப் போலீஸ்காரரு கலர் அடிக்கல போலன்னுதான சார் சொன்னாரு? ஜன்னலுக்கு வெளியில நான் நின்னுக்கினு இருந்தேன், தட்டு கழுவிட்டு வந்து. அவரு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு. கலர் தீந்துபோச்சு சார்னு வுட்டிருக்கலாமே. ஏன் சார் சொன்னீங்க?"

சொல்லியிருக்கலாம். அவர் நம்பியும் இருப்பார். மரத்துக்கும், மண்ணுக்கும், மாட்டுக்கும், மனுசருக்கும் பிள்ளைகள் எடுப்பது அந்த ஒரே கலரைத்தான். பன்னிரண்டில் பழுப்புதான் எப்போதும் முதலில் தீரும்.